ரெண்டடித் தொட்டியில் யாரோடு யார்

செந்தில்,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. ஸ்டெல்லா தினமும் போனில் உன்னைப் பற்றி ஒப்பித்துவிடுகிறாள். ரசத்தில் உப்பில்லை என்று நேற்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது வரை தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே? "ம்மா, ரிட்டயர் ஆனதும் வீட்டப் பூட்டிட்டு நேரா சிதம்பரம் வந்துடு. பிரசவத்துக்கு ஸ்டெல்லா அம்மாவும் இங்கதான் வர்றாங்க. அப்புறம் அவுங்க மட்டும் முதுநகர்ல தனியா இருந்து என்ன பண்ணப் போறாங்க? ரெண்டு அம்மாவும் ஒரே வீட்ல இருங்க. எங்களுக்கும் கவல இல்ல" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "சரின்னு மட்டும் சொல்லு" என்றாய். நான் "எழுதறேன்" என்றேன். நீ சிரித்தாய். தாலுகா ஆபீஸில் இத்தனை வருஷம் ஊரார் சங்கதியை எழுதியே கை தேய்ந்தவள், கடைசியாக ஒரு தடவை என் சங்கதியை எழுதிக்கொள்கிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஸ்டெல்லா படிக்கட்டும், அவள் அம்மா மேரி படிக்கட்டும், சேத்தியாத்தோப்பில் உன் மாமாவுக்கும் வாசித்துக்காட்டு. அவனுக்குத்தான் இதில் எல்லோரையும்விட ஆர்வம் அதிகம். நீ சொன்னதைக் கேட்டதும், "சம்பந்தி ரெண்டு பேரும் ஒரே அடுப்புலயா? அவுங்க வேதக்காரங்க, நாம வேற. உருப்பட்ட மாதிரிதான்" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்று எனக்கு விளங்கியது மீன் தொட்டியால். அதனால் பதிலுக்கு முன்னால் கொஞ்சம் மீன் கதை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2004-இல் நீ பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது அந்த ரெண்டடித் தொட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தாய். கூடவே இரண்டு பிளாஸ்டிக் பையில் மீன். ஒரு பையில் கோல்டு ஃபிஷ், இன்னொன்றில் உடம்பெல்லாம் கறுப்புக் கோடு போட்ட டைகர். "ஏண்டா இது ரெண்டும்?" என்று கேட்டதற்கு, "கலர் எடுப்பா இருக்கும்மா" என்றாய். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுப்பதுபோல மீன் எடுத்து வந்திருந்தாய். கோல்டு ஃபிஷ் பாவம், பட்டுப் பாவாடை கட்டிய சிறு பிள்ளை மாதிரி வாலை இழுத்துக்கொண்டு மெதுவாக நீந்தும். டைகருக்கு அந்த மெதுவே ஆகவில்லை. பின்னாலேயே போய் வாலைக் கடித்துக் கடித்துக் கந்தலாக்கிவிட்டது. நீ சோற்றை அளைந்துகொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். டைகர் மேல் உனக்கு அப்படியொரு கோபம். "ரவுடி மீனும்மா இது" என்று திட்டினாய். நானும் உன்னோடு சேர்ந்து திட்டினேன். டைகரின் பக்கம் ஒரு நியாயம் இருக்கும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

பிறகு 2006-இல் உனக்குச் சிதம்பரத்தில் அந்த லேப் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "அடுத்த வாரம் வந்து தொட்டிய யாருக்காச்சும் குடுத்துடறேன்" என்றாய். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. அப்போது தொட்டியில் மிச்சம் இருந்தவை இரண்டு கறுப்பு மோலிகள். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்றால் உன் சத்தம்தான். நீயும் போன பிறகு ஏர் மோட்டாரின் புளுக் புளுக் மட்டும். முதல் மாதம் அதை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மகனைப் பார்க்க முடியாததால் அம்மா மீனைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நீ உருக வேண்டாம். கொஞ்சம் அப்படியும்தான். ஆனால் பெரும்பாலும் அது வெறும் வேடிக்கை பார்க்கும் ஆசை. ஆபீஸ் விட்டு வந்து காபியை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தால் காபி ஆறிப்போய்விடும். இந்த மோலி ஏன் எப்போதும் இடது மூலையிலேயே நிற்கிறது? அதற்கு என்னைத் தெரியுமா, இல்லை தீனி டப்பாவைத்தான் தெரியுமா? தூங்குமா? தூங்கினால் கண்ணை எப்படி மூடும், இமையே இல்லையே? ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்திக்கு இத்தனை கேள்வி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு மீனைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் லாரன்ஸ் ரோட்டுச் சந்தில் இருந்த கலர் மீன் கடைக்குப் போனேன். கடை பாய் உனக்கும் தெரிந்தவர்தான். எதைக் கேட்டாலும் "எல்லாம் சேரும் மேடம்" என்பார். கத்தரிக்காயும் கருவாடும் சேருமா என்று கேட்பதுபோல நானும் "இதோட அது சேருமா?" என்று விரலை நீட்டிக்கொண்டே போனேன். "உங்களுது ரெண்டடி தொட்டிதான? கம்யூனிட்டி டேங்க்கா வச்சிருங்க மேடம், பாக்க நல்லா இருக்கும்" என்றார். அந்த வார்த்தை என் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். காலையில் ஆபீஸுக்குள் நுழைந்தால் மாலை வரை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் என்னிடம் கேட்பது அந்த ஒன்றைத்தான். "கம்யூனிட்டி வந்துடுச்சாங்க மேடம்?" "எம் பையனுக்குக் கம்யூனிட்டி வேணும்ங்க, காலேஜ்ல கேக்கறாங்க." கம்யூனிட்டி என்றால் எனக்கு ஜாதி சர்டிபிகேட் என்ற ஒரே அர்த்தம்தான். சரி, மீனிலும் ஒரே ஜாதியாகப் பார்த்துப் போடச் சொல்கிறார், அதுதான் ஒற்றுமையாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாமே ஏஞ்சலாக அரை டஜன் வாங்கினேன். காசு அகலத்தில் வெள்ளி வெள்ளியாக, பார்க்க அவ்வளவு சாது. மோலி இரண்டையும் வேற்று ஜாதி என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச காலம் என் சமத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஏஞ்சல்கள் வளர்ந்தன. உள்ளங்கை அளவுக்கு வந்ததும் அவற்றில் இரண்டு ஜோடி சேர்ந்துகொண்டன. அன்றிலிருந்து பாதித் தொட்டி அவர்கள் பட்டா நிலம். கண்ணாடியின் ஒரு பக்கத்தை வாயால் துடைத்துத் துடைத்து முட்டை வைத்துவிட்டு, மற்ற நாலையும் எதிர் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும்படி விரட்டியடித்தன. தீனி போட்டால் அந்த நாலும் வாயைத் திறக்கவே பயந்தன. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, ஒரே கடை, ஒரே பை. ஒரு இரக்கம் கிடையாது. நான் நேராகப் பாயிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "கம்யூனிட்டி டேங்க்குன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் ஒரே கம்யூனிட்டியாத்தான வாங்கிட்டுப் போனேன்? அதுங்க அடிச்சுக்குது பாய்!" பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஐயோ மேடம், எல்லா ஜாதியும் ஒண்ணா இருந்தாத்தான் அதுக்குப் பேரு கம்யூனிட்டி டேங்க்கு." மறுநாள் ஆபீஸில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதைச் சொல்லிவிட்டேன். செக்‌ஷனே சிரித்தது. எங்கள் தலைமை எழுத்தர், "அந்தத் தொட்டிக்கெல்லாம் நம்மால சர்டிபிகேட் குடுக்க முடியாதும்மா" என்றார். அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயர் ஏஞ்சல் மேடம்.

சரி, ஒரே ஜாதி என்பது தப்பு, கலந்து போட்டால் போதும் என்று இந்தப் பக்கம் திரும்பினேன். அதுவும் தப்பு. பாய் சிவப்பும் நீலமுமாக மின்னும் குட்டி டெட்ராக்களைக் கொடுத்தார். "சாதுவிலும் சாது மேடம், எல்லாத்தோடும் சேரும்." மீனோடு சேர்ந்தது, தண்ணீரோடு சேரவில்லை. நம் போர் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியும். சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் குடத்தில் வெள்ளையாகப் படியும், வாயில் வைத்தால் ஒரு கரிப்பு. கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் வேறெப்படி இருக்கும்? அந்தக் குட்டிகள் யாரோடும் சண்டை போடாமல், யாரும் ஒரு கடி கடிக்காமல், ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன. எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. பக்கத்து வீட்டில் என் மோலிகளைப் போய்ப் பார்த்தால் அதே போர் தண்ணீரில் குட்டி போட்டுக் குடும்பமாக இருந்தன. அங்கிருந்துதான் எனக்குப் புத்தி வந்தது. யாரோடு யார் சேரும் என்று கேட்கும் முன்னால் இந்தத் தண்ணீரில் யார் பிழைக்கும் என்று கேட்க வேண்டும். ஏஞ்சல்களைப் பாயிடமே விட்டுவிட்டு, வெட்கத்தை விட்டு மோலிகளைக் குட்டிகளோடு திருப்பிக் கேட்டு வாங்கி வந்தேன். பிறகு கப்பி, பிளாட்டி. எல்லாம் கரிப்புத் தண்ணீருக்கு அஞ்சாதவை.

அப்புறம் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கப்பி எப்போதும் மேலே, தண்ணீரின் தோலை ஒட்டியே திரியும். மோலியும் பிளாட்டியும் நடுவில். நான் கடைசியாகச் சேர்த்த மீசைக்கார மீன்கள் கீழே மணலைத் துழாவிக்கொண்டே கிடக்கும், தலைக்கு மேல் யார் போகிறார்கள் என்றுகூடப் பார்ப்பதில்லை. தொட்டி ஒன்றுதான், ஆனால் அதில் மூன்று வீடு இருக்கிறது. ஒரே மாடியில் எல்லோரையும் குடிவைத்தால்தான் வம்பு. இன்னொன்று, மீனுக்குப் பகை என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாய்க்குள் அடங்கினால் விழுங்கும், அடங்காவிட்டால் விட்டுவிடும், அவ்வளவுதான். ஒரு மாலை பிளாட்டி குட்டி போட்டது. ஊசிமுனை போலக் கண் மட்டும் தெரியும் குட்டிகள். நான் அதிசயித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெற்றவள் திரும்பி ஒன்றை விழுங்கினாள். இன்னொன்றையும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பசியா, மறதியா, இல்லை தன்னுடையது என்பதால் உரிமையா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பாசிக்கொத்தை அள்ளிப் போட்டேன், மிச்சக் குட்டிகள் அதற்குள் புகுந்து தப்பித்தன. அந்த டைகர் விஷயமும் பிறகு புரிந்தது. அது பத்துப் பேராகக் கூட்டமாக இருக்க வேண்டிய மீன். கூட்டம் இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொள்ளும். நீ வாங்கி வந்தது இரண்டு. தன் ஜனம் இல்லாத கோபத்தைக் கோல்டு ஃபிஷ்ஷின் வால் மேல் காட்டியிருக்கிறது. ரவுடி என்று நாம் திட்டியது அதன் தனிமையைத்தான் போலிருக்கிறது.

2010-இல் நீ ஸ்டெல்லாவை அழைத்து வந்தாய். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டியிடம் போய், "ஆண்ட்டி, இந்தக் கறுப்பு மீனுக்கு வயிறு பெருசா இருக்கு, மாசமா?" என்று கேட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. உன் மாமா ஊரைக் கூட்டினான். நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், "அவ கேக்கற கேள்விய நம்ம சொந்தத்துல ஒருத்தியும் கேட்டதில்ல" என்று. மேரியை அப்போது எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. கோயில் திருவிழா, கல்யாணப் பேச்சு, பட்டுப்புடவை, பலகாரத் தட்டு, இவ்வளவுதான். சம்பந்திகள் என்றால் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் இல்லையா? நாங்களும் சிரித்தோம். நிஜமான மேரியை நான் தெரிந்துகொண்டது 2011 கடைசியில் வந்த ‘தானே’ புயலில்.

அந்தக் காலையை நீ சிதம்பரத்திலிருந்து பார்த்திருப்பாய். இங்கே வீட்டுக்கு வெளியே வந்தால் தெருவே தெரியவில்லை, எல்லாம் மரம். பலாவும் வேம்பும் வேரோடு படுத்திருந்தன. முதுநகரில் மேரி வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துவிட்டது. மரங்களைத் தாண்டித் தாண்டி, ஒரு துணிப்பையும் மாதா படமுமாக நடந்தே வந்து என் வாசலில் நின்றாள். "அக்கா, கொஞ்ச நாளு இருந்துக்கட்டா?" என்றாள். கேட்க வேண்டிய கேள்வியா அது? உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டேன். கரண்ட் இல்லை, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மோட்டார் நின்ற தொட்டியில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மேரி வந்த உடனே கவனித்தாள். "மூச்சு முட்டுதுக்கா அதுங்களுக்கு." இருவரும் ஆளுக்கொரு டம்ளரை எடுத்தோம். தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, டீ ஆற்றுவதுபோலத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினோம். அவள் கை வலித்தால் நான், என் கை வலித்தால் அவள். அடிபம்பில் தண்ணீர் அடித்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். தீனியை நிறுத்தினோம். ஊரில் மனிதர்களுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது மீனுக்கு ஆற்றிக்கொண்டிருந்தோம் என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். ஆனால் வேறென்ன செய்வது? கூரையைப் பற்றி அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அது மேல். ஏஞ்சல் கதையை அவளுக்குச் சொன்னேன். "ஏஞ்சல்னு பேரு வச்சவன் சாமியார்கிட்டப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கூரை போனவள் சிரித்த அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

சண்டையும் அங்கேயேதான் வந்தது. நான் குளித்துவிட்டு வந்தால் தொட்டியில் ஒரு சின்ன பாட்டிலிலிருந்து அவள் எதையோ ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "என்னது மேரி?" என்றால், "தீர்த்தம்க்கா. ஒரு சொட்டுதான்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்குத் தெய்வ விஷயத்தில் வித்தியாசம் கிடையாது என்று உனக்கே தெரியும். நான் பயந்தது வேறு தண்ணீர் கலக்கிறதே என்றுதான். "என் தொட்டியில என்னக் கேக்காம எதுக்கு ஊத்தின?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஒங்க தொட்டிதான்க்கா. நாந்தான் மறந்துட்டேன்" என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அந்த "ஒங்க" எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு நானே போய், இன்னொரு சொட்டும் ஊற்று என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மீன்களில் சில போயின, முக்கால்வாசி பிழைத்தன. தீர்த்தத்தாலா டம்ளராலா என்று நாங்கள் இன்றும் வாதாடுகிறோம்.

ஆனால் அவள் இருந்த அந்த வாரங்களில் நான் கவனித்தது இன்னொன்று. உன் மாமா சொல்கிற அவுங்க வேற, நாம வேற என்பதால் ஒரு தொல்லையும் வரவில்லை. அவள் மாதா படம் ஒரு அலமாரியில், என் முருகன் ஒரு அலமாரியில், இரண்டுக்கும் ஒரே மெழுகுவத்தி, ஏனென்றால் வீட்டில் இருந்ததே ஒன்றுதான். தொல்லை எல்லாம் நாங்கள் ஒரே மாதிரி இருந்ததால் வந்தது. இருவரும் விடியுமுன் எழுந்து அதே அடுப்பின் முன்னால் போய் நிற்போம். இருவருக்கும் அவரவர் வைப்பதுதான் குழம்பு. அவள் கழுவிய பாத்திரத்தை நான் மறுபடி கழுவுவேன், நான் மடித்த துணியை அவள் உதறி மறுபடி மடிப்பாள். இருவருக்கும் ஒற்றைப் பிள்ளை, இருவரும் புருஷன் இல்லாமல் தனியே நிமிர்ந்து நின்றவர்கள், இருவருக்கும் யாரும் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை. நீ போன் செய்தால் இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டுவோம். கூரை போட்டு முடித்து அவள் கிளம்பிய அன்று எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். வாசற்கதவைச் சாத்தியதும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அஞ்சறைப் பெட்டியை எடுத்துக் கடுகைப் பழைய கிண்ணத்துக்கு மாற்றினேன்.

இப்போது நீ எங்கள் இருவரையும் ஒரு சமையலறை வீட்டில், பிறக்கப் போகும் ஒரு குழந்தைக்கு முன்னால் கொண்டுபோய் விடப் பார்க்கிறாய். மனிதர்களும் மீனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மீனுக்கு மாமியார் கிடையாது, மருமகள் கிடையாது, பிடிக்காவிட்டாலும் சிரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எனக்கு இருக்கிற பயத்தை அப்படியே சொல்கிறேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதில் தொடங்கும். சுக்குக் காய்ச்சுவதா வேண்டாமா என்று வளரும். ஒரு வருஷம் போனால் மேரியும் நானும் முகம் பார்த்துப் பேச மாட்டோம். எனக்கு இந்த வயதில் கிடைத்த ஒரே சிநேகிதி அவள், அவளை இழந்துவிடுவேன். அதைவிட மோசம், நடுவில் நசுங்குவது ஸ்டெல்லா. பெற்றவள் பக்கம் பேசினால் நான் வாடுவேன், என் பக்கம் பேசினால் அவள் அம்மா வாடுவாள். நீயோ லேபுக்குப் போய்விடுவாய். கவலை இல்லை என்று சொல்கிறாயே, யாருக்குக் கவலை இல்லை?

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் மேரிக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வது என்று தொண்டையைக் கனைத்துக் கனைத்து, "மேரி, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே" என்று தொடங்கினேன். அவள் முடிக்கவே விடவில்லை. "அக்கா, நீங்க அந்த வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிடக் கூடாதுன்னு நான் மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அப்புறம் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, "ஐயோ" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் என் போனில் சார்ஜே தீர்ந்துபோயிற்று. அதனால் கேட்டுக்கொள், இதை நாங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டோம். உன்னைக் கேட்கவில்லை.

சிதம்பரத்துக்கு வருகிறேன். உன் குடித்தனத்துக்கு வரவில்லை. வடக்கு வீதியில் நீ பார்த்திருக்கும் வீட்டை ஸ்டெல்லா எனக்கு விவரமாகச் சொன்னாள். மாடியில் ஒரு அறை இருக்கிறதாம், குளியலறையோடு, சாமான் போட்டுவைக்கலாம் என்று நீ சொன்னாயாம். சாமானை வேறெங்காவது போடு. அந்த அறை எனக்கு. அங்கே எனக்கென்று ஒரு அடுப்பு, என் கடுகு, என் கிண்ணம். ஆமாம், மாமியார் தனிக்குடித்தனம் கேட்கிறாள். உன் மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கட்டும். கீழ்ச் சமையலறை மேரியுடையது, அதில் என் கை படாது. குழந்தையை முதலில் குளிப்பாட்டுவதும் அவள்தான். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அவள்தான், அது அவள் மகளின் பிள்ளை. என்ன பேர், எந்தக் கோயில் என்பதை நீயும் ஸ்டெல்லாவும் முடிவு செய்யுங்கள். எங்களிடம் கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவோம். தொட்டி கீழே கூடத்தில் இருக்கட்டும், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க. அடுத்த முறை வரும்போது உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வா. என் மோலிகளுக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் இப்போது பெரிய யோசனை.

நான் உன்னைத் தள்ளி வைக்கிறேன் என்று நினைத்துவிடாதே, செந்தில். கீழே உங்களோடு இருந்தால் நான் எப்போதும் இருப்பேன். எப்போதும் இருக்கிறவளை யாரும் பார்க்க வருவதில்லை, தாண்டிக்கொண்டுதான் போவார்கள். உன் அப்பாவுக்குப் பிறகு, என்னைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வந்து ரொம்ப காலமாகிறது. எனக்கு அந்த ஆசை இருக்கிறது. மாடியில் இருந்தால் நீ படியேறித்தான் வர வேண்டும். வேலை விட்டு வந்ததும் வா. ஸ்டெல்லா வரட்டும். மேரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே, கிண்ணத்தில் குழம்போடு வருவாள். அப்புறம் என்றாவது ஒரு நாள், யாரும் கூப்பிடாமல், யாரும் சொல்லித்தராமல், பின்னால் மேரி ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு வர, ஒரு குட்டி ஆள் கையும் முட்டியுமாக ஒவ்வொரு படியாக ஏறி வரும். நான் கதவைத் திறந்தேதான் வைத்திருப்பேன்.

அம்மா